மஞ்சள் கூரை

சுடலைச்செல்வி முதல் அடியை வாங்கியது தாயின் வயிற்றுக்குள் இருந்தபோது. நிறைமாதமாக நின்ற மனைவியை அவள் அப்பன் உப்பளத்து வரப்பில் வைத்து எட்டி உதைத்தான். மறுநாள் விடிவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. 'உதைச்சுப் பெத்த பிள்ள' என்று குடிசை வரிசையே அவளை அழைத்தது. சொல்லிச் சிரித்தவர்கள் யாருக்கும் அதில் கொடுமை இருப்பதாகத் தோன்றவில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாத்திகள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் அந்தப் பூமியில் அடியும் வெயிலைப் போலத்தான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

செல்வி கேட்டாள். அதனால் இரண்டு மடங்கு வாங்கினாள். அவளுக்கு இளையவள் முத்துப்பேச்சி நேர் எதிர். அப்பனின் செருப்புச் சத்தம் கேட்டாலே உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பெரியவள் எதிர்த்துப் பேசிப் பல் உடைந்தாள். சின்னவள் பேசாமல் இருந்தே பாதி உயிரானாள்.

செல்வியை ஒரு லாரி கிளீனருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தால் அவன் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான். இரண்டு முறை கரு கலைந்தது, இரண்டுமே அவன் உதையால். பிறகொரு நாள் அவன் காலைத் தூக்கியபோது, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லை அவள் துணி சுற்றாத கையாலேயே எடுத்து அவன் முழங்கையில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. வெந்துபோன கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, மாற்றுத்துணிகூட எடுக்காமல் தூத்துக்குடி ஊருக்குள் நடந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஐஸ் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போகும். ஆனாலும் அங்கே யாரும் அடிக்கவில்லை. அதுவே அவளுக்குச் சொர்க்கமாக இருந்தது.

முத்துப்பேச்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் புருஷன் நல்லவன். நல்லவனாக இருந்து என்ன செய்ய? மோட்டார் கொட்டகையில் அறுந்து கிடந்த வயரை மிதித்துச் செத்துப்போனான். மூன்று பிள்ளைகளோடு அவள் அந்த உப்பளத்தின் தெற்குக் கோடியிலேயே கிடந்தாள். அங்கே எட்டுக் குடிசைகள். மழை மறந்துபோன வானம்பார்த்த ஊர்களிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள். அவர்களுக்கு மேலே ராஜபாண்டி என்ற கங்காணி.

முதலாளி ஊருக்குள் இருந்தார். உப்பளத்தில் வேலையாட்களை மேய்ப்பது ராஜபாண்டிதான். மேய்ப்பது என்ற சொல் சரியானதுதான், மாட்டை அடிப்பது போலத்தான் அடிப்பான். கையில் எப்போதும் ஒரு மம்பட்டிக் கணை இருக்கும், மண்வெட்டியில் இருந்து கழற்றிய பிடி. அந்தக் கோடியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. டிராக்டரில் கொண்டுவந்து ஒரு சிமெண்டுத் தொட்டியில் ஊற்றி, மூடியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வான். அவன் சொன்னபடி நடந்தவர்களுக்குத் தண்ணீர். ஓடிப்போகப் பார்த்த ஒருவனை வரப்பிலேயே மறித்துக் காலை உடைத்ததை எட்டுக் குடும்பமும் பார்த்திருந்தது. கடன் என்று பேருக்கு எதையோ சொல்வான். அது என்றைக்கோ உழைத்துத் தீர்ந்திருக்கும். தீராதது பயம்தான்.

ஒரு மார்கழியில் வெள்ளம் வந்தது. ஊரே மூழ்கியது. கழுத்தளவு தண்ணீரில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த செல்வியின் கண்ணெதிரே, மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் திறந்து கிடந்த சாக்கடை வாறுகாலுக்குள் விழுந்து முங்கினாள். செல்வி அவள் சடையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். இருமிக் கண்ணைத் திறந்தவளின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறையும் விட்டாள்.

"நீச்சல் தெரியாத உனக்கு வெள்ளத்துக்குள்ள என்ன சோலி?"

அறை வாங்கியவள் ஜான்ஹவி. ஸ்ரீவைகுண்டத்து வாத்தியார் மகள், சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தவள். அவளும் அவள் நண்பர்களும் 'கைத்தாங்கல்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒருவேளைச் சோற்றுக்கும் வழியில்லாத குடும்பங்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வெள்ளம் வடிந்த பிறகு ஜான்ஹவி செல்வியைத் தேடிக்கொண்டு வந்தாள். அந்த அறையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, தங்களோடு வரமுடியுமா என்று கேட்டாள். செல்வி போனாள். அவளை முதன்முதலாக வேண்டும் என்று கூப்பிட்டவர்கள் அவர்கள்தான்.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேள்வி கேட்கக்கூடாது. அந்த வீட்டு ஆட்களோடு ஒரு நாள் முழுக்க அவர்கள் வேலையைச் செய்யவேண்டும். பிறகுதான் பேச்சு. பனங்காட்டில் விறகு சுமந்தார்கள், கருவாட்டுக் களத்தில் மீன் அறுத்தார்கள். காயல்பட்டினத்து அம்ஜத், தன் மாமா கடைக்குச் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டே வருவான். செல்வியைத் தன் ஊர் வழக்கப்படி அக்காவுக்கு லாத்தா என்று கூப்பிடுவான். வாய் ஓயாது. லாத்தா அறைஞ்ச கன்னத்துக்குத்தான் அறிவு வரும், நானும் வெள்ளத்துல விழுந்திருக்கணும் என்பான்.

தெற்குக் கோடிக்கும் அவர்கள் போனார்கள். அக்காவும் அக்காவின் சிநேகிதர்களும் கூலி கேட்காமல் உப்புச் சுமக்க வந்திருக்கிறார்கள் என்று முத்துப்பேச்சி சொல்ல, ராஜபாண்டி கேலியாகச் சிரித்து உள்ளே விட்டான். கூலியில்லாத கைகளை யார் வேண்டாமென்பார்கள்? ஜான்ஹவியின் உள்ளங்கைத் தோல் உரிந்து உப்பு ஏறி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம்வரை சுமந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்கள் வாய் திறந்தார்கள்.

கோரம்பள்ளம் பக்கம் ஓர் இடம் ஏற்பாடாயிற்று. காற்றுப் புகும் கொட்டகை, குழாய்த் தண்ணீர், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். புரட்டாசிக் கடைசியில் உப்பு வாரி முடிந்ததும் கிளம்பிவிடுவது என்று ஐந்து குடும்பங்கள் ரகசியமாகச் சம்மதித்தன. மூன்று குடும்பங்கள் பயந்து பின்வாங்கின. அதில் ஒருத்தி கிருபாபாய். நிமிர்ந்து பேசி யாரும் பார்த்திராத பெண். செத்தாலும் இங்கனயே செத்துப்போறேன் என்று சொல்லிவிட்டாள்.

முத்துப்பேச்சியும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள். பிள்ளைகளை அடித்தே கொன்றுவிடுவான் என்று அழுதாள். செல்வி தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உன் பிள்ளைக மேல ஒரு அடி விழாது, பேச்சி. நான் சொல்லுதேன். நம்பு."

நம்பினாள். பிறந்ததிலிருந்து யாரையும் நம்பாதவள் அக்காவை நம்பினாள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கையில் முன்மழை ஒன்று பெய்து குடிசைகள் ஒழுகின. முத்துப்பேச்சியின் கடைக்குட்டிக்குக் காய்ச்சல். குழுவுக்குப் பொறுக்கவில்லை. நல்ல தடித்த தார்ப்பாய்களை வாங்கினார்கள். தங்கள் குழுச் சட்டையின் நிறத்திலேயே, பளிச்சென்ற மஞ்சளில் வாங்கினார்கள். ராஜபாண்டி உடன்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன பகலில் கொண்டுபோய், வரச் சம்மதித்த ஐந்து வீட்டுக்கும் கட்டினார்கள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் எங்களுக்கு வேண்டாம், அவன் கேட்பான் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு இறங்கிய செல்வி, வாழ்நாளில் முதன்முறையாகத் தன் கையால் ஒரு நல்லது நடந்ததென்று நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

உப்பளத்தில் பிறந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பூமியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மரம் கிடையாது. வெள்ளைப் பரப்பில் ஒரு காகம் உட்கார்ந்தாலும் பெரிய ரோட்டிலிருந்து தெரியும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் காலையில் பைக்கில் வந்த ராஜபாண்டி வரப்பின் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினான். எட்டுக் கூரை. ஐந்து மஞ்சள். ஏழைக் குடும்பங்களை வேறிடம் கூட்டிப்போவதாக அவன் கேள்விப்பட்டிருந்த கூட்டத்தின் சட்டை நிறம். திரும்பிப் போய் நாலு தடியன்களோடு வந்தான். நேராக மஞ்சள் கூரைகளுக்குள் மட்டும் நுழைந்தார்கள். சட்டிகள் உடைந்தன. பெண்களைத் தலைமுடியோடு வெளியே இழுத்துப் போட்டார்கள். தடுக்க வந்த ஒருவரின் தோள்பட்டை இறங்கிப்போனது. தார்ப்பாய்களைப் பிடுங்கிக் கிழித்து வீசினார்கள். அம்மாவை அடிக்காதே என்று கையைக் கடித்த முத்துப்பேச்சியின் மூத்த மகனை ராஜபாண்டி தூக்கி வரப்பில் எறிந்தான். பையனின் நெற்றி பிளந்தது. உப்பு மேல் ரத்தம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவ்வளவு சிவப்பு உலகத்தில் வேறெங்கும் இல்லை.

செய்தி கேட்டு செல்வியும் ஜான்ஹவியும் அம்ஜத்தும், தண்ணீரையும் நிறுத்திவிடுவான் என்று பயந்து, குட்டியானையில் தண்ணீர் டிரம்களை ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். வரப்பு முனையில் தடியன்கள் மறித்தார்கள். முன்கண்ணாடி நொறுங்கியது. டிரம்களைக் கவிழ்த்தார்கள். அவ்வளவு நல்ல தண்ணீரும் உவர்மண்ணில் ஓடி மறைந்தது. அம்ஜத்தைக் கீழே தள்ளி மிதித்தார்கள். வாயெல்லாம் ரத்தமாக அவன் எழுந்து உட்கார்ந்து, லாத்தா, நீங்க உள்ள போங்க என்று கையை மட்டும் காட்டினான். ஜான்ஹவி அவனைத் தாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள், போலீசையும் தாலுகா ஆபீசையும் கூப்பிட.

செல்வி உள்ளே நடந்தாள். தனியாக வரும் பெண்தானே என்று அவளை யாரும் தடுக்கவில்லை. ராஜபாண்டி தொட்டியின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"வா ஏளா. எந்த வீட்டுக்காரன் ஓடப்போறான்னு நான் ஒருத்தன்கிட்டயும் கேக்கல. நீதான் கூரை மேல ஏறி அடையாளம் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கியே."

அவள் திரும்பிக் கூரைகளைப் பார்த்தாள். கிழிந்த மஞ்சள் காற்றில் படபடத்தது. அப்பன் அடித்தபோதும், புருஷன் உதைத்தபோதும் நிமிர்ந்தே நின்றவள் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முத்துப்பேச்சி மகனின் நெற்றியைச் சேலையால் அழுத்திப் பிடித்தபடி வந்து அக்காவின் முன்னால் நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"ஒரு அடி விழாதுன்னு சொன்னல்லா. எண்ணிக்கோ."

மஞ்சள் வீடுகளுக்குத் தண்ணீர் கிடையாது, உப்பு முழுக்க வாரி மேட்டில் ஏற்றும்வரை ஒரு சொட்டுக் கிடையாது என்று ராஜபாண்டி உத்தரவு போட்டான். கிழக்கே கருமேகம் கட்டியிருந்தது. பாத்திகளில் கடைசி உப்பு விளைந்து கிடந்தது. மழை விழுவதற்குள் வாரியாகவேண்டும். அவனுக்கு அந்த அவசரம். தாலுகா ஆபீசிலோ நாளைக்கு ஆள் வரும் என்றார்கள். போலீசிலும் நாளைக்கு என்றார்கள். செல்வி அங்கிருந்து நகரவில்லை. தங்கை அவளைத் தன் குடிசைக்குள் விடவில்லை. அவள் வெளியிலேயே கிடந்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கடைக்குட்டிக்கு நாக்கு வறண்டு உள்ளே இழுத்தது. காய்ச்சலோடு தாகம். அழக்கூடச் சத்தம் வரவில்லை. கிருபாபாய் தன் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். உள்ளே போனாள். தன் பங்குத் தண்ணீரை ஒரு செம்பில் ஊற்றி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, குனிந்த தலை குனிந்தபடி முத்துப்பேச்சியின் குடிசையை நோக்கி வந்தாள். பாதி வழியில் ராஜபாண்டி பார்த்துவிட்டான். ஒரே உதை. செம்பு உருண்டது. தண்ணீர் சிந்தியது. கிருபாபாய் முகம் குப்புற விழுந்தாள்.

எழுந்தாள். உதட்டில் ஒட்டிய உப்பைத் துடைக்கவில்லை. நேராகப் போய், கிழிந்து கிடந்த தார்ப்பாயில் ஒரு துண்டைத் தன் வீட்டு அரிவாளால் அறுத்தாள். தன் கூரையில் ஏறி, ஓலைக்கு நடுவில் அந்த மஞ்சளைச் செருகினாள். செருகிவிட்டு இறங்கி வாசலில் உட்கார்ந்து ராஜபாண்டியை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணின் நிறம் என்னவென்று அன்றைக்குத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அடுத்த வீட்டுக்காரி வந்து ஒரு துண்டை எடுத்தாள். பிறகு மூன்றாவது வீட்டுக்காரன். எட்டுக் கூரையும் மஞ்சளாயிற்று. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எட்டுக் குடும்பமும் வரப்பில் வந்து வரிசையாக உட்கார்ந்தது. உப்பு வாரும் வாருபலகையை ஒருவரும் தொடவில்லை.

ராஜபாண்டி முதலில் மிரட்டினான். பிறகு வேலைக்குப் போகிறவனுக்கு இரட்டைப் பங்குத் தண்ணீர் என்றான். பிறகு கணையால் கண்மண் தெரியாமல் அடிக்கத் தொடங்கினான். முதுகுகளில் அடி விழுந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. கிழக்கேயிருந்து கொண்டல் காற்று வீசியது. ஒரு துளி, பிறகு இன்னொரு துளி. பாத்தியில் விழுந்த துளிகளைப் பார்த்த ராஜபாண்டிக்குப் பித்துப் பிடித்தது. முதலாளிக்கு என்ன பதில் சொல்வான்? நெற்றியில் கட்டோடு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனைச் சட்டையோடு பிடித்துத் தூக்கினான். இவன் செத்தாத்தான் நீங்க எந்திரிப்பீய என்று கணையை ஓங்கினான்.

அது இறங்கிய இடத்தில் பையன் இல்லை. செல்வி இருந்தாள். கணையின் நுனி அவள் இடது கண்ணில் பாய்ந்தது. அவள் அலறவில்லை. இரண்டு கையாலும் அந்தக் கணையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் கன்னத்தில் வழிந்து கழுத்தில் இறங்கியது. அவன் இழுத்தான், அவள் விடவில்லை. அவன் வயிற்றில் உதைத்தான், அவள் விடவில்லை.

அப்போதுதான் முத்துப்பேச்சி எழுந்தாள். உப்புக் குவியலுக்குப் பின்னால் மூச்சை அடக்கி உட்கார்ந்தே வளர்ந்தவள், அவன் மேல் பாய்ந்து காதைக் கவ்வினாள். அவள் பாய்ந்ததும் வரப்பு முழுவதும் பாய்ந்தது. பெண்கள் அவனை இழுத்துப் பாத்திக்குள் போட்டார்கள். கொதித்துக் கிடந்த உப்புத் தண்ணீரில் அவன் முகம் தேய்ந்தது. தோள் இறங்கியவர் மற்ற கையால் அடித்தார். தடியன்கள் நாலு பேரும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், பைக்குகளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் நாலு அடி விழுந்திருந்தால் ராஜபாண்டி உயிரோடு இருந்திருக்கமாட்டான்.

போதும் என்றது செல்விதான். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்ற கையால் முத்துப்பேச்சியின் தோளைப் பிடித்து இழுத்தாள். சாவியை எடுங்க, பிள்ளைக்குத் தண்ணி குடுங்க என்றாள்.

கிருபாபாய் அவன் இடுப்பிலிருந்து சாவியை உருவித் தொட்டியைத் திறந்தாள். முதலில் கடைக்குட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கை நனைத்தார்கள். பிறகு எல்லோரும் குடித்தார்கள். மழை வலுத்தது. அவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போதே பாத்திகளில் விளைந்து கிடந்த உப்பெல்லாம் சத்தமில்லாமல் கரைந்தது. ஜான்ஹவியோடு ஜீப்புகள் வரப்பு முனைக்கு வந்து சேர்ந்தபோது, எட்டுக் குடும்பமும் மூட்டை முடிச்சோடு எதிரே நடந்து வந்துகொண்டிருந்தது.

ராஜபாண்டி மேல் வழக்குப் போட்டார்கள், அவனை அடித்ததாக அவர்கள் மேலும் போட்டார்கள். எட்டு வீட்டுக்காரர்களும் ஒரே சொல்லாகச் சாட்சி சொன்னதால் அவன் ஜெயிலுக்குப் போனான். இவர்கள் கோரம்பள்ளத்துக் கொட்டகையிலிருந்து இன்னும் வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். அம்ஜத்துக்கு முன்பல் இரண்டு போயிற்று. பல்லில்லாத மாப்பிள்ளைக்கு யாரு பெண் குடுப்பா என்று உம்மா அழுகிறாள் என்று அதையும் வேடிக்கையாகத்தான் சொல்கிறான். செல்வியின் இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டோடு கிடந்த நாட்களில் முத்துப்பேச்சி வந்தாள். தினமும் வந்தாள். பேசமாட்டாள். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பாள், கஞ்சித் தூக்கை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் செல்வியால் தாங்க முடியவில்லை. அந்தக் கூரையில் மஞ்சளைக் கட்டியது நான்தான், உன் பிள்ளை நெற்றியைப் பிளந்தது நான்தான் என்று தலையணை நனைய அழுதாள். அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் அதட்டிவிட்டுப் போனாள்.

முத்துப்பேச்சி தூக்கைத் திறந்தாள். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊதினாள்.

"ஒத்தக் கண்ணைக் குடுத்துட்டா நான் மறந்துருவேன்னு நெனைக்காத. பெரிய பையன் நெத்தியில தழும்பு இருக்கு. பாக்கும்போதெல்லாம் எனக்கு உன் மேல ஆத்திரம் வரும்."

செல்வி தலையை ஆட்டினாள்.

"வாயைத் தொற. ஆறிப்போவுது," என்றாள் தங்கை.